சுட வேண்டாம், சரக்கு லாஞ்சு

2007 மே மாதம். பகல் பதினோரு மணிக்கு, துபாயின் தேராவில் ஹஸ்னைனின் ஏற்றுமதி அலுவலகத்தில் வயர்லெஸ் அலறியது. மர்ஜானா டைப் அடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு மைக்கை எடுத்தாள். கீழக்கரைக்காரி. கடலில் இருக்கும் சரக்கு லாஞ்சுகளோடு, அந்த மர மோட்டார் கப்பல்களோடு, பேசுவது ஆறு வருடமாக அவள் வேலை.

பேசியவர் வீரபாண்டி. அரிசியும் சமையல் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு சோமாலியாவின் வடகரைக்குப் போயிருந்த லாஞ்சில் இன்ஜின் டிரைவர், தொண்டிப் பக்கத்து ஆள்.

"தங்கச்சி, ஊருக்குள்ள குண்டு விழுது. கடல்லருந்து அடிக்கிறாங்க. சாம்பல் கலர்ல பெரிய போர்க்கப்பல். எந்த நாட்டுதுன்னு தெரியல."

பல வருடங்களாக உள்நாட்டுச் சண்டை ஓயாத நாடு அது. ஊருக்குப் பின்னால் மலையில் ஓர் ஆயுதக் கும்பல் பதுங்கியிருப்பதாக முந்தின நாளே அவர் சொல்லியிருந்தார். அதற்காக வெளிநாட்டுக் கப்பல் வந்து சுடும் என்று யாரும் நினைக்கவில்லை.

"கேப்டன் எங்கண்ணே?"

"கரைக்குப் போனவரு. தெறிச்ச இரும்பு நெஞ்சுல பட்டுருச்சு. பயலுக தூக்கிட்டு வந்தாங்க, உசுரு இல்ல."

பின்னால் நின்ற ஹஸ்னைன் மைக்கருகே குனிந்தார். "நங்கூரத்தைத் தூக்கிட்டு உடனே கெளம்பச் சொல்லு."

வீரபாண்டிக்கு அது கேட்டுவிட்டது. "கெளம்பலாம் முதலாளி. ஆனா சனங்க கழுத்தளவு தண்ணியில நின்னு லாஞ்சைப் புடிச்சிட்டிருக்காங்க. பொம்பளைங்க, கைப்புள்ளைங்க. ஏத்தட்டுமா?"

"வேணாம். சண்டைக்காரங்க தப்பிச்சு ஓடுறாங்கன்னு நெனச்சு லாஞ்சையே சுட்டுருவான்."

"இது சரக்கு லாஞ்சுன்னு சுடுறவனுக்கு நான் சொல்றேன் காக்கா" என்றாள் மர்ஜானா. முதலாளியை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அழைப்பாள்.

"எப்படிச் சொல்லுவே?"

"தெரியல. சொல்லிருவேன்." மைக்கை அழுத்தினாள். "ஏத்திக்கங்கண்ணே. எத்தனை பேருன்னு எண்ணிச் சொல்லுங்க."

முப்பத்தெட்டு பேர். அதில் பத்தொன்பது குழந்தைகள்.

அவள் போனை எடுத்தாள். ஒரு தூதரகத்தில் அப்படி எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை என்றார்கள். இன்னொன்றில் காத்திருக்கச் சொல்லி மறந்துவிட்டார்கள். மூன்றாவதாக, கடற்படைகளுக்கும் வணிகக் கப்பல்களுக்கும் இடையே தகவல் சொல்லும் ஓர் அலுவலகத்தின் எண் கிடைத்தது. அங்கிருந்த அதிகாரி எதையும் உறுதிசெய்ய முடியாது என்றார்.

"உறுதிசெய்ய வேண்டாம் சார், எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, லாஞ்சின் நீளம், நீல நிறச் சுக்கான் அறை, போகும் திசை, ஏறியவர்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அதையே அரைமணிக்கொரு தரம் ஃபேக்ஸும் அனுப்பினாள்.

இரண்டு மணிக்கு மறுபடி வீரபாண்டி. "ஹெலிகாப்டர் ஒண்ணு தலைக்கு மேலயே நிக்குது தங்கச்சி. துப்பாக்கி தெரியுது."

"எல்லாரையும் மேல்தட்டுல உக்கார வைங்க. பிள்ளைங்க முகம் தெரியணும். வேகத்தைக் கூட்டிராதீங்க."

அதற்கு மேல் இரைச்சல்தான். அவள் போனில் அதிகாரியைப் பிடித்தாள். "இப்போது ஹெலிகாப்டர் அவர்கள் தலைக்கு மேல் நிற்கிறது. பத்தொன்பது குழந்தைகள், சார்."

எண்ணிக்கையை அதிகாரி இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "காத்திருங்கள்."

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதுவரை குறுக்கும் நெடுக்கும் நடந்த ஹஸ்னைன் ஃபேக்ஸ் மெஷினருகே போய், அதே தாளைத் தன் கையால் மறுபடி செருகினார்.

ஆறு நிமிடம் கழித்து வயர்லெஸ்ஸில் இரைச்சல் விலகியது. "போயிருச்சு!" என்று கத்தினார் வீரபாண்டி.

மறுநாள் முப்பத்தெட்டு பேரும் அதே வடகரையிலுள்ள பொசாசோ துறைமுகத்தில் பத்திரமாக இறங்கினார்கள். கேப்டனை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

லாஞ்சு துபாய் திரும்பியதும் வீரபாண்டி அலுவலகத்துக்கு வந்தார். குண்டுச் சத்தத்தில் இடது காது கேட்காமல் போயிருந்தது. ஊரில் இறந்தவர்களின் பெயர்களை லாஞ்சில் ஏறிய பெண்களிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். ஏழு பேர். கேப்டனோடு எட்டு. மலையில் தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள் என்றுதான் பத்திரிகையில் வந்திருந்தது.

மர்ஜானா எட்டுப் பெயர்களையும் டைப் அடித்து, கீழே ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்து அந்த அதிகாரிக்கு அனுப்பினாள். பதில் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அனுப்பினாள். மூன்றாவது கடிதத்தில் ஹஸ்னைன் தானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பரில் ஒரு வரி வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது.

அவள் உடனே போன் செய்தாள். "கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை சார். சுட்டது யார் என்று கேட்டேன்."