முப்பதாம் நாளின் தாள்

மலைக் காவலர்கள் அண்ணனின் பையைத் திருப்பித் தந்தபோது வழிகாட்டிப் புத்தகமும் அதில் இருந்தது. பிரான்சு, ஸ்பெயின் எல்லையில் பிரனீஸ் மலை முகட்டோடு கடலிலிருந்து கடலுக்கு நாற்பத்து மூன்று நாள் நடை. நாளுக்கு ஒரு தாள். நடந்து முடித்த தாளைக் கிழித்து அன்று மாலை தங்கும் மலைக் குடிலின் அடுப்பில் போடுவது எங்கள் வழக்கம். அத்தனை உயரத்தில் ஒரு தாளின் கனமும் தோளுக்குத் தெரியும்.

புத்தகத்தில் முதல் பதினெட்டுத் தாள்கள் இல்லை. கனிஷ் அண்ணன் பத்தொன்பதாம் நாள் காணாமல் போயிருந்தான். உடல் கிடைக்கவில்லை. அது போன செப்டம்பர்.

இந்த ஜூனில் மையாலென் அண்ணி அதே பாதையில் போகப்போவதாகச் சொன்னாள். சமையலறை மேசையில் புத்தகத்தையும் வரைபடங்களையும் விரித்தோம். மறுநாள் காலை பத்தொன்பதாம் தாளைக் காணோம். அதற்கு மறுநாள் இருபது.

"எலியா இருக்கும் அண்ணி."

"வரிசை தப்பாம தின்ற எலியா? உங்க அண்ணனுக்கே அவ்வளவு ஒழுங்கு கிடையாது."

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இருபத்தொன்று போனது. இருபத்திரண்டும் போனது. ஒருநாள் மட்டும் எதுவும் போகவில்லை. அன்று மலையில் பகல் முழுக்க இடி.

அதன் பிறகு நான் எலியைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணி திட்டத்தை மாற்றினாள்.

"நாப்பத்து மூணு முடிஞ்சா கடல். அதுக்கப்புறம் அவரை எங்க போய்த் தேடுறது? அதுக்குள்ள பிடிச்சாகணும்."

இருபத்தொன்பதாம் நாள் நடை முடியும் குடிலுக்குக் கீழே தார்ச்சாலை வருகிறது. அங்கிருந்து இரண்டு மணி நேர ஏற்றம்.

"நாம போறதுக்குள்ள தாண்டிப் போயிட்டா?"

பாலாடைக்கட்டிக் கத்தியை எடுத்து முப்பதாம் தாளை அறுத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிப் போவாரு? ரொட்டிக் கடைக்கே வழி கேட்டுக்கிட்டுப் போற ஆளு."

இருபத்தொன்பதாம் தாள் போன காலையில் புறப்பட்டோம். நண்பகலில் குடிலை அடைந்தோம். காவலாள் இல்லாத சின்னக் கல் குடில். உள்ளே யாரும் இல்லை. அடுப்பைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மேசைமேல் வந்து தங்குபவர்கள் எழுதும் பதிவேடு. இந்தக் கோடையில் ஒரே ஒரு வரிதான் எழுதப்பட்டிருந்தது. நேற்றைய தேதி. அண்ணனின் சாய்ந்த எழுத்து.

பெயர்: கனிஷ். எத்தனை பேர்: ஒருவர். போகுமிடம்: தாள் இல்லை. காத்திருக்கிறேன்.

வெளியே வந்து கூப்பிட்டேன். பாறைகள் திருப்பிக் கூப்பிட்டன. வாசலுக்கு முன்னால் கரையாத பனி கிடந்தது. அதில் எங்கள் தடங்கள் மட்டுமே இருந்தன.

"இறங்கிடலாம் அண்ணி. போதும்."

அண்ணி மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பென்சிலை எடுத்து அண்ணனின் வரிக்குக் கீழே எழுதினாள். பெயர், தேதி. போகுமிடம்: வீடு. எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு.

"ஆமா, நாம ரெண்டு பேர்தானே" என்றேன்.

பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

"நீ உன் பேரைத் தனியா எழுதிக்க, எர்ராமுன்."