தொட்டிக்குக் காவல்

வாட்ச்மேன் சின்னப்பன் லாட்ஜின் கழிவுக் குழிக்குள் மூங்கில் பிளாச்சை விட்டுச் சுழற்றினான். நுனியில் கட்டியிருந்த கொக்கியில் ஏதோ மாட்டியது. காலை ஊன்றி இழுத்தான். முடி. கறுப்பும் நரையுமாக, சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு, நாய்க்குட்டி அளவுக்கு ஓர் உருண்டை வெளியே வந்து சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டது.

திருப்பதி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் லாட்ஜுக்கு வந்துதான் நிதானமாகக் குளிப்பார்கள். தலையில் இருந்தது சாமிக்குப் போய்விடும். காதோரத்திலும் கழுத்து மடிப்பிலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டு வருவது சின்னப்பனுக்கு. இந்த வருஷம் மட்டும் அவன் இழுத்துப் போட்ட முடியைப் பின்னியிருந்தால் அலிபிரியிலிருந்து ரேணிகுண்டா வரைக்கும் தேர் இழுக்க வடம் ஆகியிருக்கும். இதை அவனேதான் லாட்ஜுக்கு வருகிறவர்களிடம் சொல்வான். சிரிக்காமல் சொல்வான். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அவர்களும் நம்புவார்கள். ஒரே கதையை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத வேலை அது. கேட்டவர்கள் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கட்டடத்தில் கீழ் இரண்டு தளம் லாட்ஜ், அதற்குமேல் வீடுகள். கட்டினபோது மூன்று படி ஏறி உள்ளே போகவேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் தெருவில் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுகிற பழக்கம் யாருக்கும் இல்லாததால் ரோடு வளர்ந்தது. இப்போது இரண்டு படி இறங்கி உள்ளே போகவேண்டும். சின்னப்பன் கணக்குப்படி இன்னும் கொஞ்ச காலத்தில் முதல் மாடிக்காரர்கள் ஜன்னல் வழியாக ஆட்டோ ஏறுவார்கள்.

தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. தெருக்குழாய் மேலே இருந்தது, கட்டடத்துக் குழாய் கீழே இருந்தது. கழிவுத் தண்ணீர் தானாக மேலே ஏறாது. ஒரு தொட்டியில் சேர்த்து மோட்டார் வைத்துத் தள்ளவேண்டும். எந்தத் தொட்டி, எந்த மோட்டார் என்பதைத்தான் வெயில் காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சின்னப்பனுக்கு அந்தப் பேச்சில் ஒரு ரூம் இருந்தது.

அவன் படுப்பது மாடிப்படிச் சரிவுக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். பெண்சாதியைக் கொண்டுவந்து வைக்கிற இடமில்லை. செங்கமலம் சித்தூரில் இருந்தாள். சீசனில் மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் கழுவுவாள், மற்ற நாளில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பாள். வெதுருகுப்பம் பக்கத்து ஊரில் இருந்த குடிசை மழையில் விழுந்தது. மகளைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதிலிருந்து இரண்டு பேரும் இரண்டு ஊரில் தனித்தனியாகச் சோறாக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் ஒரு ஆளுக்கு மிஞ்சியது. மிஞ்சியதை அவன் காக்காய்க்கு வைத்தான். திருப்பதியிலேயே கொழுத்த காக்காய் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

"புதுத் தொட்டி ஃபைபராம்," என்று போனில் சொன்னான். "முன்னால கார் நிக்கிற எடத்துல பூமிக்குள்ள போயிடும். அப்புறம் பின்னாடி பழைய டேங்க் எடம் காலி. அங்க ரூம் போட்டுத் தரேன்னு செக்ரட்டரி வாயாலயே சொல்லிக்கிறாரு."

"கதவு இருக்குமா?" என்றாள் செங்கமலம்.

"கதவில்லாம ரூமா?"

"நீ சொல்றதுல பாதியக் கழிச்சிட்டுத்தான் நான் கேட்டுக்குவேன். அதான் கேட்டேன்."

"கதவு, ஜன்னலு, அடுப்பு மேடை. அதுல பாதியக் கழிச்சிக்கோ."

அந்தப் பக்கம் மண்டபத்தில் யாரோ அண்டாவை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"மேடை எந்தப் பக்கம்யா?" என்றாள்.

கட்டடச் சங்கத்துச் செக்ரட்டரி சிட்டிபாபுதான் லாட்ஜுக்கும் ஓனர். கட்டடத்துத் தண்ணீரில் பாதிக்கு மேல் அவருடையது. ஃபைபர் தொட்டி விற்க வந்தவன் தனசேகர், கும்மிடிப்பூண்டிக்காரன். ஸ்ரீசிட்டியில் ரூம் எடுத்துத் தங்கி ஊர் ஊராகப் பம்பு விற்கிறவன். வந்தபோதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே சின்னப்பனோடு உட்கார்ந்து டீ குடித்தான். அவனுக்கும் பேச ஆளில்லை போலிருந்தது.

முதல் இடைஞ்சல் வாஸ்துவில் வந்தது. கார் நிற்கிற இடம் ஈசானிய மூலை, அங்கே கழிவு இருக்கக்கூடாது என்றார் சிட்டிபாபு. தனசேகர் ஒரு வாஸ்துக்காரரையே காரில் கூட்டிவந்தான். அவர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு இடத்தைச் சுற்றினார், பாதாம் பால் குடித்தார், மறுபடி சுற்றினார். தொட்டி ஃபைபர், மண்ணைக் கழிவு தொடாது, ஆகவே அது மூலையில் இருந்தாலும் மூலையில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சின்னப்பன் தன் வாழ்நாளில் பல பேர் புளுகக் கேட்டிருக்கிறான். இந்த ஆளைக் கும்பிடவேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. தனசேகர் எழுந்து சொன்னான். "ரெண்டு மோட்டார் சார். உள்ள கத்தி இருக்கு, முடிய நறுக்கிடும். நெறஞ்சா தானா ஓடும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும். ரெண்டும் நின்னா உங்க போனுக்கு மெசேஜ் வரும். நீங்க சென்னையில இருந்தாக்கூட தெரியும்."

"ரெண்டாவது?" என்று காகிதத்தில் இருந்த இன்னொரு விலையைக் காட்டினார் சிட்டிபாபு.

"அது சும்மா சார். பழைய டேங்கையே கழுவி ஒரு மோட்டார சங்கிலியில தொங்க விடறது. மிதவை போட்டா முடி புடிச்சிக்கும், அதனால ஆள்தான் பாத்து சுவிட்ச் போடணும். அடைச்சிக்கினா சங்கிலியப் புடிச்சி மேல தூக்கிக் கையால எடுக்கணும். டேங்க் மேல ஒரு ஷெட். விலை கம்மி, அவ்வளவுதான். நான் அத வாங்கச் சொல்லமாட்டேன்."

நாற்காலிகள் எல்லாம் தனசேகர் பக்கம் சாய்ந்துவிட்டன. பின்னால் தூணோரம் நின்றிருந்த சின்னப்பன், மனசுக்குள் அடுப்பு மேடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மனோரமா பேசினாள். மூன்றாம் மாடி, வேலூர்க்காரி, வங்கியில் வேலை. யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். சின்னப்பனுக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துத் தருகிறவள்.

"விலைதான் ஜாஸ்தி. ஆனா தானாவே எல்லாம் நடக்கும்னா வாட்ச்மேன் எதுக்கு? கேட்டுல கேமரா வெச்சிடலாம். அந்தச் சம்பளத்துலயே மாசாமாசம் இதுக்கு அடைச்சிடலாமே."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கழுத்துகளில் தெரிந்தது. "அதுவும் நெஜமே," என்று சிட்டிபாபு தாடையைச் சொறிந்தார்.

சின்னப்பன் தூணைவிட்டு முன்னால் வந்தான்.

"சார், போனு சார்ஜ் எறங்கிடும். நான் எறங்கமாட்டேன்."

"ஏமய்யா சின்னப்பா, நீ என்ன மெஷினா?"

"மெஷினுக்கு நெறஞ்சப்புறம்தான் சார் தெரியும். எனக்கு நெறையறதுக்கு முன்னாடியே தெரியும். தரையில காதை வெச்சன்னா போதும். ரெண்டாவது மாடியில பக்கெட்டு ரொம்புதா, நாலாவது மாடியில அரிசி கழுவறாங்களான்னு சொல்லிடுவேன். தூங்கிக்கினு இருந்தாலும் காது முழிச்சிக்கினுதான் இருக்கும். எங்க நைனாவுக்கும் அப்படித்தான், கெணத்துல ஊத்து எந்தப் பக்கம் வருதுன்னு மேல நின்னே சொல்லுவாரு."

"இதெல்லாம் ஆவற கதையா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"போன பிரம்மோற்சவத்துல எதிர் லாட்ஜு டேங்க் நெறையற சத்தம் எனக்கு இங்கருந்தே கேட்டுச்சி. போய்ச் சொன்னேன், தொரத்திட்டாங்க. மறுநா காலைல அவங்க கவுன்டர்ல மேனேஜர் நாக்காலி மெதந்துக்கினு இருந்துச்சி, மேனேஜரோட."

நாற்காலி மிதந்தது உண்மை. பிரம்மோற்சவத்தில் அந்தத் தெருவில் எல்லா லாட்ஜும் நிறைந்து வழியும் என்பது தெரு நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் நாற்காலியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் காதையும் நம்பினார்கள். சின்னப்பன் இன்னும் இரண்டு சொன்னான். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவதும் சொன்னான். அத்தனை பேர் தன் முகத்தைப் பார்த்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று. நிறுத்த முடியவில்லை.

சிட்டிபாபு மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு தனசேகரிடம் கேட்டார். "அந்த ரெண்டாவது, ஆள் இருந்தா சரியா ஓடும் இல்ல?"

"ஓடும் சார். ஆனா எப்பவும் ஆள் அங்கயே—"

"மன சின்னப்பன் உன்னாடு கதா, அவன்தான் இருக்கானே. சம்பளம் எப்படியும் குடுக்கறோம். இவ்வளவு பெரிய காதை வெச்சிக்கினு நாம எதுக்கு மெசேஜுக்குக் காசு போடணும்?"

கைதட்டினார்கள். மனோரமாகூடச் சிரித்துக்கொண்டே தட்டினாள். அவன் வேலை நிலைத்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான்.

தனசேகர் காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு கேட்டருகே வந்தான். "ஏன்ணே வாயத் தொறந்தீங்க? பின்னாடி எடம் போச்சே."

"தொறக்காட்டி என்னை அனுப்பிடுவாங்களே தம்பி."

"இனிமே அனுப்பமாட்டாங்க," என்றான் தனசேகர். "எங்கயுமே அனுப்பமாட்டாங்க."

அன்றைக்குச் செங்கமலம் கூப்பிட்டாள். "கூட்டம் இன்னா ஆச்சி?"

"முடிவாயிடுச்சி. பின்னாடிதான் வேலை நடக்கப்போவுது," என்றான். அதில் பொய் எதுவும் இல்லை. மேடை கிழக்குப் பக்கமா என்று கேட்டாள். அதற்கும் ஊம் என்றான்.

தொட்டியைக் கழுவினார்கள், மோட்டாரை இறக்கினார்கள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். வாயு தேங்கக்கூடாது என்று மூன்று பக்கம்தான் சுவர். நடுவில் தொட்டியின் இரும்பு மூடி. ஓரத்தில் சுவிட்ச் பெட்டி, அதன் அடியில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலத்துக்குச் சிமெண்டு பெஞ்சு. பூஜைக்கு நாள் குறித்தார்கள். செங்கமலத்திடம் அதைச் சொல்லவேண்டாம் என்று தினமும் நினைத்தான். நாள் நெருங்கினபோது அவளே கேட்டாள், தேதியை மட்டும் சொல்லிவிட்டான்.

மோட்டாருக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கேசரி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து சேர்ந்தாள். இடுப்பில் ஒரு சாக்கு, கையில் தூக்குச்சட்டி. சாக்கில் பாத்திரங்கள் இடித்துக்கொண்டன. ஆட்கள் கலைந்து மாடிக்குப் போகும்வரை சுவரோரம் நின்றாள். பிறகு ஷெட்டுக்குள் வந்து மூன்று சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீ எங்க படுப்ப?"

பெஞ்சைக் காட்டினான்.

"நானு?"

சின்னப்பன் வாயைத் திறந்தான். "பஸ்ஸுல கூட்டமா?" என்றான்.

"கூட்டந்தான்," என்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தப் போனவள், அவன் பார்ப்பதைக் கண்டு கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா வாடகை ரூம வுட்டிருக்கமாட்டேன். இன்னிக்கிக் காலைலதான் சாவி குடுத்தேன்."

"கொஞ்சம் இரு. தண்ணி எறங்கிட்டா வெளிய போயிப் பேசலாம்."

தண்ணீர் இறங்கவில்லை. மலையிலிருந்து ஒரு பஸ் வந்து வாசலில் நின்றது. சந்தனம் பூசின மொட்டைத் தலைகள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, இரண்டு படி இறங்கி உள்ளே வந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் குழாய்க்குக் குழாய் திறந்தது. தொட்டிக்குள் இரைச்சல் ஏறியது. சின்னப்பன் சுவிட்சைப் போட்டான். ஓடின மோட்டார் முனகி நின்றது. நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து சங்கிலியைப் பிடித்துத் தூக்கினான். செங்கமலம் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கூடப் பிடித்தாள். இரண்டு பேருமாக மோட்டாரை வெளியே கொண்டுவந்தார்கள். சுற்றியிருந்த முடியை அவன் விரல்விட்டுப் பிய்த்தான். மறுபடி இறக்கினார்கள். ஓடியது.

"சின்னப்பா, தண்ணி போதா?" என்று மாடியிலிருந்து சிட்டிபாபு கேட்டார்.

"போவுது சார்."

செங்கமலம் கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். "மண்டபத்துல ஸ்டோர் ரூமுல படுத்துக்கச் சொல்லுவாங்க. கேட்டுப் பாக்கறேன்," என்றாள். "சித்தூர் பஸ்ஸு இங்க ரோட்டுல நிக்குமா, ஸ்டாண்டுக்கே போவணுமா?"

"ஸ்டாண்டுக்குத்தான். இரு, நானும் வரேன்."

தொட்டியில் தண்ணீர் வாய்வரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"நீ வராத," என்றாள். தூக்குச்சட்டியைத் தரையில் வைக்க இடம் தேடினாள். எங்கும் ஈரம். சுவிட்ச் பெட்டியின் கொண்டியில் மாட்டினாள். "கருவாட்டுக் கொழம்பு. ரெண்டு பேருக்கு ஆக்கனது. கெட்டுடப் போவுது, துன்னுடு."

சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இறங்கி வருகிற மொட்டைத் தலைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, படியேறித் தெருவுக்குப் போனாள்.

மோட்டார் ஓட ஓடத் தூக்குச்சட்டி பெட்டியில் இடித்துக்கொண்டு ஆடியது. சின்னப்பன் கைகளைப் பார்த்தான். விரலிடுக்கெல்லாம் ஊரார் முடி. குழாய் முன்பக்கம் இருந்தது. கை கழுவப் போகவேண்டுமென்றால் சுவிட்சை விட்டுவிட்டுப் போகவேண்டும். மேலே இன்னொரு பக்கெட்டில் தண்ணீர் விழத் தொடங்கியது.