காலியாக வரும் லிஃப்ட்

அப்பா இறந்தபின், தினமும் சாயங்காலம் எங்கள் நான்காவது மாடிக்கு லிஃப்ட் தானாக வந்து கதவைத் திறந்தது. உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். "உங்கப்பா வந்துட்டாருடி," என்று அம்மா இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. சாயங்கால வெயில் நேரா இந்த பட்டன் மேல விழுது. சூட்டுல அமுங்கி ஒட்டிக்குது, லிஃப்ட் வந்துடுது," என்று அவர் புதுப் பட்டன் மாட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் லிஃப்ட் வரவில்லை. அம்மா டீ போடவில்லை, சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை. பட்டன் ஒட்டிய கதையைப் படம் போட்டு விளக்கினேன்.

"நீ படிச்சவ, சரியாத்தான் சொல்லுவ," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது கால் கடுத்தது. லிஃப்டுக்குள் போய் நான்கை அழுத்தினேன். கதவு மூடுமுன் வெளியே வந்து, படியேறினேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். மேசையில் இரண்டு டம்ளர் டீ.

"ஏண்டி இப்படி மூச்சு வாங்குது?"

"லிஃப்ட்ல ஆள் இருந்துச்சும்மா."

அம்மா என் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"நாளைக்கு நீயும் கூடவே ஏறி வா. அவரு என்ன, இடமில்லன்னா சொல்லப்போறாரு?" என்று மூன்றாவது டம்ளரை எடுத்தாள்.