மேல் பேரிங்

படகு எஞ்சினை ஓட்டோவின் பின் இருக்கையில் கிடத்தி, பழைய சீலையால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கஜானனும் ஓட்டோக்காரனும் அதைத் தூக்கி, நதானியேலின் கராஜ் மேசைமேல் வைத்தார்கள். வைத்த கையோடு கஜானன் வெளியே போய் மதிலடியில் நின்றுகொண்டான்.

"தம்பி, வெய்யிலுக்கை நில்லாமல் உள்ளை வாவன்," என்று கூப்பிட்டார் நதானியேல்.

"அவன் அங்கையே நிக்கட்டும் அண்ணை," என்றாள் செல்வநாயகி. "நான் அவனோடை கதைக்கிறேல்லை. எஞ்சின் பாரம் எண்டபடியாலைதான் கூட்டியந்தனான்."

கஜானன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவளுடைய புருஷன் ஆழ்வாப்பிள்ளை செத்து இரண்டு மாதமாகிறது. கீரிமலைக்கு மேற்கே உள்ள கரையிலிருந்து விடியற்புறம் தனியே கடலுக்குப் போனவர். மறுநாள் படகு மட்டும் ஒதுங்கியது. எஞ்சினின் மூடி கழன்றிருந்தது. ஸ்பானர் பலகையில் கிடந்தது. இழுத்து இழுத்து அறுந்துபோன கயிறு அதன் பக்கத்தில். மூன்றாம் நாள் ஆளும் கரை சேர்ந்தார், அடையாளம் சொல்ல இடுப்புக் கயிறு மட்டும் மிஞ்சி.

வழமையாகக் கஜானனும் கூடப் போகிறவன்தான். அன்று அவனுக்குக் காய்ச்சல். ஆனால் முதல்நாள் மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து கானை நிரப்பி வைத்தவன் அவன். ஒயில் இல்லாமல் ஓடினால் இந்த எஞ்சின் இறுகிவிடும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். கான் கடலோடு போய்விட்டது. கேட்டுப்பார்க்க வேறு சாட்சி இல்லை.

"முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்குக்கூட அவனைக் கிட்ட அண்ட விடேல்லை," என்றாள் அவள். "நீங்கள் திறந்து பாத்து எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒயில் கலந்தவனோ, இல்லையோ? கலக்கேல்லை எண்டால் அவன் என்ரை வாசல் மிதிக்கத் தேவையில்லை. கலந்தவன் எண்டால் எஞ்சினைத் திருத்தித் தாங்கோ, அவன் தொழிலுக்குப் போகட்டும். எனக்கு ரண்டு பெட்டையள் கிடக்கு."

"வெள்ளிக்கிழமை வாங்கோ தங்கச்சி."

அவர்கள் போன பிறகு நதானியேல் பிளக்கைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எஞ்சினின் தலையைக் கழற்றினார். பிஸ்டனின் பக்கங்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒயிலோடு மினுங்கின.

"கலந்திருக்கிறான் பெடியன்," என்று வாய்விட்டுச் சொன்னார். மனம் இலேசாகியது. அந்த இலேசு கால் மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

எஞ்சினின் வயிற்றைப் பிளந்து கிராங் தண்டை வெளியே எடுத்தார். கீழ்ப் பேரிங் விரல் பட்டதும் சுழன்றது. மேல் பேரிங் அசையவில்லை. புல்லரின் நகங்களைப் பேரிங்கின் அடியில் கொடுத்து, நடுத் திருகாணியை மெல்ல மெல்ல இறுக்கினார். ஒரு கிறீச்சொலியோடு அது கழன்று வந்தது. உள்ளே குண்டுகள் செதில் செதிலாய் உதிர்ந்திருந்தன. தண்டில் அது இருந்த இடத்தில், சுற்றிவரக் கபில நிறத்தில் இரும்பைத் தின்ற கறள், அம்மைத் தழும்பு மாதிரி.

கடல்தண்ணீருக்குக் கிட்ட இருப்பது கீழ்ப் பேரிங். அதிலே கறள் இல்லை. தண்ணீரே எட்டாத மேல் பேரிங்கின் அடியில் உப்புக் கறள். அது பூட்டும்போதே உள்ளே போயிருக்க வேண்டும். பூட்டியவர் நதானியேல்தான்.

போன சித்திரை மாதம், பேரிங் மாற்ற ஆழ்வாப்பிள்ளை எஞ்சினைக் கொண்டுவந்திருந்தார். நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத காலம். புதுப் பேரிங்கைச் சுடுஎண்ணெயில் போட்டால் அது விரியும். தண்டைக் குளிரவைத்தால் அது சுருங்கும். பிறகு சுத்தியல் தொடாமல் கையாலேயே ஏறிவிடும். அவர் எப்போதும் அப்படித்தான். தண்டை ஓர் இரவு மனைவி தேவமலரின் பிறிட்ஜில், மேல்தட்டில் வைப்பார். கரண்ட் இல்லாத பிறிட்ஜில் என்னத்தைக் குளிர வைக்கிறது?

"நான் ஐஸ் கொண்டாறன் அண்ணை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. மீன் வைக்கிற வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டி நிறைய உடைத்த ஐஸோடு மறுநாள் வந்து நின்றார். தண்டைப் பிளாஸ்டிக் சொப்பிங் பையில் சுற்றி, மேல்முனை கீழே இருக்கும்படி ஐஸுக்குள் புதைத்தார்கள்.

"ஞானஸ்நானம் குடுக்கிறன்," என்றார் நதானியேல்.

"எங்கடை ஐஸிலை முழுகினால் எழும்பேக்கை சைவம்தான். மீன் நாத்தமும் இலவசம்."

மூன்று மணித்தியாலம் கழித்துப் பையை இழுத்தபோது அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பை ஓட்டை. குளிர் கூடவேண்டுமென்று மீன்காரர் ஐஸுக்கு உப்புப் போடுவது நதானியேலுக்குத் தெரியும். அடுப்பில் பேரிங் கொதிக்கிற எண்ணெயில் தயாராக இருந்தது. அந்த அடுப்புக்கு மண்ணெண்ணெய், ஆழ்வாப்பிள்ளை எங்கேயோ கெஞ்சி வாங்கிவந்த கடைசிப் போத்தல். தண்டைக் கழுவிக் காயவைத்து, மறுபடி குளிரவைத்து, மறுபடி எண்ணெய் கொதிக்கவைக்க வேறு போத்தல் இல்லை. துணியால் ஒருதரம் துடைத்தார். குறட்டால் பேரிங்கைத் தூக்கி ஏற்றினார்.

"வழுக்கிக்கொண்டெல்லே போகுது!" என்று சிரித்தார் ஆழ்வாப்பிள்ளை.

பிறகு மூன்று மாதம் கடலுக்குப் போக எண்ணெய் இல்லை. எஞ்சின் கொட்டிலில் சும்மா கிடந்தது. உப்பு சும்மா கிடக்கவில்லை.

எஞ்சினைப் பிரித்த அன்று பின்னேரம் தேவமலர் தேத்தண்ணியோடு வந்து, மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, அவள் கேட்டது ஒயில் கலந்ததோ எண்டுதானே. கலந்தது எண்டு சொல்லுங்கோ. பேரிங் நல்ல சாமானில்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாருந்தான் சொல்லுகினம், இப்ப வாற சாமான் ஒண்டும் சரியில்லையெண்டு."

"அதையும் நான்தான் வாங்கினனான்."

"பிழையை ஒத்துக்கொண்டவனுக்குக் கோட்டையோ கட்டித் தருவினம்? இனி ஆர் உங்களிட்டை எஞ்சின் கொண்டருவினம்?"

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அவர் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கஜானன் அக்காவுக்கு முன்னதாகவே சைக்கிளில் வந்துவிட்டான். கரியரில் கட்டியிருந்ததை இறக்காமலே கிட்ட வந்தான்.

"அண்ணை, ஒரு உதவி. நான் கலக்கேல்லை எண்டே அக்காவுக்குச் சொல்லிவிடுங்கோ."

"என்னடா விசர்க் கதை?"

"கலந்தனான் எண்டுதான் முதல் நினைச்சனான். ஆக்கள் சொல்லச் சொல்ல இப்ப எனக்கே தெரியேல்லை. காய்ச்சலோடை செய்தது. கலக்கேல்லை எண்டு காலிலை விழுந்தால் ஒரு நாளைக்கு மன்னிப்பாள். இப்பிடி இழுபட ஏலாது."

தப்பிக்கொள்ளும் கதவு நதானியேலுக்காகத் தானாகவே திறந்து நின்றது. ஓம் என்று ஒரு சொல் போதும். அதற்குள் செல்வநாயகி ஓட்டோவில் வந்துவிட்டாள். கஜானன் விலகிப்போய்ச் சைக்கிள் கரியரை அவிழ்த்தான். றெஜிபோம் பெட்டி. தூக்கிக்கொண்டு வந்து, அவர் காலடியில் வைத்து மூடியைத் திறந்தான். உடைத்த ஐஸ், மேலே கல்லுப்புத் தூவி.

"அத்தான் சொன்னவர், தண்டு குளிர வைக்க வேணுமெண்டு. அதான் கொண்டந்தனான். உப்பும் கூடவே போட்டிருக்கு, நல்லாக் குளிரும்."

நதானியேல் மர வாங்கில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தம்பி ஒயில் கலந்தவன். பிஸ்டனைப் பாருங்கோ, கண்ணாடி மாதிரிக் கிடக்கு. பிழை என்னிலை."

கழற்றிய பேரிங்கை அவளுடைய உள்ளங்கையில் வைத்து, ஐஸ் கதையைச் சொன்னார். ஓட்டைப் பை. உப்புத் தண்ணீர். கடைசிப் போத்தல். சொல்லி முடிக்கும்வரை அவள் பேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஈரத்தைக் கண்டனீங்கள்."

"கண்டனான்."

"அவரும் பக்கத்திலை நிண்டவர்."

"ஓம்."

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

உள்கதவில் தேவமலர் நிற்பது தெரிந்தது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

"புதுப் பேரிங் வந்திட்டுதோ?" என்றாள் செல்வநாயகி.

"வந்திட்டுது. கறளையும் சுரண்டி அளந்து பாத்தனான், தண்டு தாங்கும். ஆனால் நான் போடேல்லைத் தங்கச்சி. வேறை ஆளிட்டைக் குடுங்கோ, காசை நான்…"

"நீங்கள்தான் போடோணும். எங்கை பிழைக்குமெண்டு இப்ப உங்களுக்குத்தானே தெரியும்."

அவர் எழுந்தார். இப்போது கரண்ட் வந்துவிட்ட காலம்; எதற்கும் இருக்கட்டுமென்று தண்டை முதல்நாள் இரவே பிறிட்ஜில் வைத்திருந்தார். எண்ணெயை அடுப்பில் வைத்து, மெல்லிய புகை கிளம்பும்வரை காத்திருந்தார். பிறகு தண்டை எடுத்துவந்து வெள்ளைத் துணியால் துடைத்தார். வேறு துணி எடுத்து மறுபடி துடைத்தார். அவர் குறட்டைத் தூக்கியபோது அவள் கையை நீட்டி மறித்தாள். பேரிங் ஏறவேண்டிய இடத்தில் சுட்டுவிரலால் சுற்றிவரத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

அவர் அவள் தொட்ட இடத்தை இன்னொருதரம் துடைத்தார்.

"போடுங்கோ."

பேரிங் சத்தமில்லாமல் ஏறி, இருக்கவேண்டிய இடத்தில் போய் இருந்தது.

எஞ்சினைப் பூட்டி முடிய நாலு மணியாகிவிட்டது. அதுவரை அவள் அதே வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்து இதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லோணும்."

"ஆராதனை முடிய வாறன்."

"முடிய வந்தால் ஆக்கள் கலைஞ்சிடும். அதுக்கு முதல் வாங்கோ."

"சரி."

அவள், கஜானன் மறுபடி போய் நின்ற மதிலடியைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனோடு பேசுகிற முதல் சொல்.

"கஜா, வா. தூக்கோணும்."

அவன் வந்து தூக்கினான். சீலையால் சுற்றி ஓட்டோவில் கிடத்தினான். அவள் உள்ளே ஏறி, தள்ளி இருந்து இடம் விட்டாள்.

"ஏறு. சைக்கிளைப் பிறகு எடுக்கலாம்."

"நீ போ," என்றான் அவன், அவளைப் பாராமல். "நான் கலந்தனான் எண்டு அண்டைக்கே உனக்குச் சொன்னனான் அக்கா."

ஓட்டோ புறப்பட்டது. கஜானன் சைக்கிளை எடுத்து எதிர்ப்பக்கமாக, மானிப்பாய் றோட்டில் உழக்கிக்கொண்டு போனான். பெட்டியை அவன் எடுக்கவில்லை. உருகிய உப்புத்தண்ணீர் அதன் மூலையால் கசிந்து, கராஜின் சீமெந்துத் தரையில் நதானியேலின் செருப்புவரை வந்திருந்தது.