சலவைக்கடைக் கையெழுத்துகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் நான், அதனால் எழுதும் வேலையும் என் தலையில் விடிந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பிராங்க்ஸ் மக்களின் தொண்டர், ஆறு வயதில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்திறங்கிய எஃப்ரைன் ஒலிவென்சியா அவர்கள்...'

(அடித்துவிட்டேன். இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது. மனுஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறார்.)

2

இருபத்திரண்டு வருடம் அவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். அவர் அலுவலகத்தில் முன்மேசை என்னுடையது. என் மகளுக்கு அவர் ஞானத்தகப்பன். அந்த முறையில் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே.

சனிக்கிழமை காலையில் அவரை அலுவலகத்தில் தேடிப் பயனில்லை. எதிர்ச்சாரியில் மில்லியின் சலவைக்கடையில் இருப்பார். காசு போட்ட இயந்திரம் சுற்றி முடிகிற வரை யாராலும் நகர முடியாதல்லவா, அதனால் துவைக்க வந்தவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஒழுகும் கூரை, ஹீட்டர் போடாத வீட்டுக்காரன், ஜாமீனில் வந்த மகன் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவர்களுடைய போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக்கொடுப்பார்.

ஒருநாள் டோன்யா ஹெர்மினியா (மூத்த பெண்களை மரியாதைக்கு டோன்யா என்போம்), எழுபது வயதுக்காரி, கேட்டாள்: "ஏம்ப்பா, ஓட்டுப் போட்டதுக்கு என் உள்பாவாடையையும் மடிச்சுத் தருவியா?"

"அதுக்கு அடுத்த தடவையும் போடணும், டோன்யா."

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் துப்பில்லை. சோப்பு வாசனை, வானொலியில் பழைய பொலேரோ காதல் பாட்டு, சூடான துணியின் மேல் எங்கள் கைகள்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். எழுதிப் பார்த்தேன்: 'எதிராளியின் வக்கீல்கள் சூழ்ச்சி செய்து அவர் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து...'

ஊர் இதைத்தான் நம்புகிறது. நம்பவைத்தவள் நான்.

4

நடந்ததைச் சொல்கிறேன். போட்டியிட ஐந்நூறு கையெழுத்து வேண்டும். போடுகிறவர்கள் தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல்; அவருடைய பன்னிரண்டாவது தேர்தலுக்குத் தொகுதி எல்லையைப் புதிதாக வரைந்தார்கள். கோடு எங்கள் தெரு நடுவே ஓடியது. எதிர்ச்சாரி முழுக்க அடுத்த தொகுதிக்குப் போய்விட்டது.

"புது வரைபடம் பாத்தீங்களா, கொமாத்ரே?" என்று அவர் கேட்டார்.

"எல்லாம் பாத்தாச்சு, போங்க."

பார்க்கவில்லை. வரைபடம் என் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. பதினொரு தேர்தல் பழக்கம், கால் தானாகச் சலவைக்கடைக்குப் போயிற்று. எழுநூறு வாங்கினேன். அதில் நானூறு எதிர்ச்சாரிக்காரர்கள். டோன்யா ஹெர்மினியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, அழகாகப் போட்டாள். நானூறும் செல்லாமல் போயின, அவர் பெயரும் போயிற்று.*

(* ஒவ்வொரு தாளின் அடியிலும் சாட்சிக் கையெழுத்து உண்டு. அத்தனையும் என்னுடையவை. அவர் அந்தத் தாள்களைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் மூன்று வருடமாக என்னைத் தின்கிறது.)

5

முடிவுகள்.

அ: சொல்கிறேன், அவர் மன்னிக்கிறார். (பாயசம். வேண்டாம்.)

ஆ: சொல்கிறேன், அவர் முகம் திருப்புகிறார். வருகிற மே மாதம் என் மகளின் கல்யாணத்தில் அவர் நாற்காலி காலியாக...

(இதை எழுதி முடிக்கக் கை வரவில்லை.)

இ: போன சனிக்கிழமை. பதவி போனாலும் அவர் கடைக்கு வருவதை விடவில்லை. புது உறுப்பினர் வருவதில்லை, ஆகவே ஜனங்கள் இன்னும் இவரிடமே புலம்புகிறார்கள்.

"ஏதோ எழுதுறீங்களாமே. என்னைப் பத்தியா?"

"ஆமா."

"முடிச்சாச்சா?"

"முடிவு வர மாட்டேங்குது."

"அப்ப இந்த முனையைப் பிடிங்க."

டோன்யாவின் பெரிய வெள்ளைப் போர்வை. இழுத்து உதறினோம். அடுத்து இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும்.

"கொம்பாத்ரே, அந்தக் கையெழுத்துத் தாளுங்க..." என்றேன்.

அவர் நிற்கவில்லை. என்னைப் பார்த்தபடியே வந்துகொண்டிருந்தார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை, வாசகரே. அவர் கைக்கு இன்னும் இரண்டடி இருக்கிறது. என் இடத்தில் நின்று மீதியை நீங்கள் சொல்லுங்கள். முனையை மட்டும் தரையில் விட்டுவிடாதீர்கள், இப்போதுதான் துவைத்தது.