மாமனாரின் மேல்வரிசை

மார்ச் பதினான்காம் தேதி காலை, கடைத்தெரு மாடியில் இருக்கும் ஒரு பல்செட் லேபில், மெருகேற்றும் சக்கரத்திலிருந்து எகிறிய மேல்வரிசைப் பல்செட் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

அது லேபை நடத்தும் டெக்னீஷியனின் மாமனாருடையது. செய்தவரும் டெக்னீஷியன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், யார் துணையும் இல்லாமல் அவர் முடித்த முதல் முழு வரிசை. அப்போது மாமனார் வெறும் வாடிக்கையாளர். பல் பிடித்துப்போய் மகளையும் கொடுத்தார். "சம்பளம் என்னன்னுகூட கேக்கல. பல்லப் பாத்தேன், பொண்ணக் குடுத்தேன்" என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வார். சொல்வதோடு நிறுத்தமாட்டார். கழற்றிக் கையில் கொடுப்பார்.

மாமியார் இறந்தபின், போன வருடம், அவர் மகள் வீட்டோடு வந்துவிட்டார். எப்போதாவது விசேஷங்களில் பார்த்த பல்லை டெக்னீஷியன் மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

குளியலறைச் சுவரில் டைல்ஸ் பதித்ததுபோல் எல்லாப் பல்லும் ஒரே மட்டம், ஒரே வெள்ளை. அதற்குக் கீழே கிழவரின் சொந்தப் பற்கள், தேநீர் நிறத்தில், ஆளுக்கொரு திசையில். ஈறு, பொம்மைக் கன்னத்தின் சிவப்பு. நிஜ ஈறில் நுண்ணிய குழிகள் இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, டெக்னீஷியன் அந்த நாளில் அதிலும் புள்ளி புள்ளியாகக் குழி போட்டிருந்தார். இத்தனை வருட எச்சிலும் கறையும் அந்தக் குழிகளில் இறங்கிக் கறுத்திருந்தன. மாமனார் மெல்லும்போது வரிசை லேசாக இறங்கி ஏறும். 'ச்ளக்' என்று ஒரு சத்தம். சோற்றுப் பருக்கை ஒன்று முன்பல்லில் வந்து ஒட்டும். நாக்கு தேடி வந்து அதை வழித்துக்கொண்டு போகும்.

டெக்னீஷியன் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவார். எச்சிலுக்கு அருவருப்பவர் இல்லை அவர்; அடுத்தவர் வாயிலிருந்து வந்ததைக் கழுவி வைத்துவிட்டு அதே கையால் டீ குடிப்பவர். அந்த வரிசையில் தெரிந்த ஆளைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. அதைச் செய்தவன் இந்த முகத்தை ஒரு கணம்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்று லேபில் பக்கத்து மேசையில் இருந்தவன் பார்த்து அசந்துபோக வேண்டும் என்றே அடுக்கியிருக்கிறான்.

"அப்பா வாயையே ஏன் அப்படி வெறிச்சுப் பாக்குறீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"அத மாத்திடலாம்னு இருக்கேன்."

"அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லயே."

"எனக்கு இருக்கு."

"பல்லு என்ன உங்க வாய்லயா இருக்கு?"

மார்ச்சில் ஓர் ஓரம் உரசுகிறது என்று மாமனாரே கழற்றிக் கொடுத்தார். அப்படித்தான் அது சக்கரத்துக்கு வந்தது. கை நழுவியதா, நழுவ விட்டதா என்று மனைவி பின்னர் கேட்டபோது அவர் கை கழுவ எழுந்து போனார். நேரான உடைப்பு, மதியத்துக்குள் ஒட்டியிருக்கலாம். அவர் இரண்டு துண்டுகளையும் கழிவு வாளியில் போட்டு, மேலே ஈரப் பிளாஸ்டரைக் கொட்டினார். வீட்டில், ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

புதிய வரிசையை அவரே செய்தார். கீழ்ப்பல்லோடு சேரும் மங்கல் நிறம். ஒரு முன்பல் கொஞ்சம் திரும்பியிருக்கும். விளிம்புகளில் எழுபது வயதின் தேய்மானம். அவர் கையிலிருந்து அதுவரை வந்தவற்றில் அதுதான் உயர்ந்த வேலை.

மாமனார் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, எவனோ கிழவன் பல்லு மாதிரி இருக்கு."

"உங்க வயசுக்கு இதான் மாமா சரி. செட்டுன்னு ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"கண்டுபிடிக்கலன்னா அப்புறம் எதுக்கு செட்டு?" கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்களுக்குக் கை போயிடுச்சு மாப்ள. வருத்தப்படாதீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

அதன்பின் மேலே வெறும் ஈறோடுதான் மென்றார். உதட்டோரம் கஞ்சி வழிந்தது. பேரப்பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார்கள்.

ஏப்ரலில் லேபுக்கு ஒரு பல் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. லேபின் பாதி வேலை அவரிடமிருந்துதான் வருகிறது.

"ஒரு பெரியவர் வந்திருக்கார். பழைய செட் ஒடஞ்சிடுச்சாம். அச்சு அசலா அதே மாதிரி வேணுமாம். போட்டோ குடுத்திருக்கார், அனுப்புறேன். பாத்தா எனக்கே கண்ணு கூசுது, ஆனா மனுஷன் மசியல."

கல்யாணப் போட்டோ. சிரித்த வாயை மட்டும் பெரிதாக்கி அனுப்பியிருந்தார். ஓரத்தில் மாப்பிள்ளையின் தோளும் பாதிக் காதும் தெரிந்தன. பின்னாலேயே வந்த ஈறு அச்சைப் பார்த்ததும், பெரியவர் யார் என்பதில் மிச்சச் சந்தேகமும் தீர்ந்தது.

முடியாது என்றால் டாக்டர் வேறு லேபுக்கு அனுப்புவார். அங்கே அப்படியே செய்து கொடுப்பார்கள். அதனால் டெக்னீஷியன் ஒப்புக்கொண்டார். வெள்ளையை ஒரு படி குறைத்து, வரிசையைக் கொஞ்சம் கலைத்து, மெழுகில் அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்க அனுப்பினார். மறுநாளே திரும்பி வந்தது.

"வேணாங்கிறார்," என்று டாக்டர் போனில் சிரித்தார். "'இது எங்க மாப்ள இப்ப செய்யற மாதிரி இருக்கு, நல்லால்ல'ங்கிறார். யாருங்க அந்த மாப்ள? உங்க லைன் ஆளு போல."

"இருப்பாரு," என்றார் டெக்னீஷியன்.

யாரும் கேட்காததால் அலமாரியின் அடியில் கிடந்த மிக வெள்ளைப் பற்களின் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். ஸ்கேல் வைத்து அடுக்கினார். ஈறுக்குச் சிவப்பு கலந்தார். குழி போடும்போது பாதியில் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுவிட்டு வந்தார். வேலை எங்கும் தடுக்கவில்லை. ஒரு பல்லைக்கூடப் பெயர்த்து மறுபடி வைக்கும்படி ஆகவில்லை. கை எதையும் மறந்திருக்கவில்லை என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

வேலை சனிக்கிழமை டாக்டரிடம் போனது. திங்கட்கிழமை இரவு மாமனார் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினார்.

"பாத்தீங்களா மாப்ள. யாரோ சின்னப் பையன் செஞ்சிருப்பான். இப்படிச் செய்யணும்."

"நல்லா இருக்குப்பா," என்றாள் மகள், கணவனைப் பார்க்காமல்.

ஒரு பிடி மென்றதும் 'ச்ளக்' என்றது. டெக்னீஷியன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அன்றிலிருந்து மதியம் லேபிலும் இரவில் அடுக்களையில் நின்றபடியும் சாப்பிடுகிறார்.