தவசுப்பிள்ளையின் வலது தோள்

பூதப்பாண்டி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் முருகதாஸ்தான். அவர் வராவிட்டால் குமாரதாஸ். இந்த ‘வராவிட்டால்’ என்ற சொல் குமாரதாஸுக்கு இருபது வருஷமாக ஆகாது.

இப்போது பாருங்கள், முருகதாஸின் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாய் மகள் கல்யாணம். ஆயிரம் இலை. அடைப்பிரதமன் பாயசத்தைத் தலைமைச் சமையல்காரரான தவசுப்பிள்ளை தன் கையாலேயே கிண்ட வேண்டும், கையாளிடம் சட்டுவக் கரண்டியைக் கொடுக்கக் கூடாது என்று செல்லத்தாய் கறாராகச் சொல்லியிருந்தாள். மூன்று மணி நேரம் கிண்ட வேண்டிய மனிதருக்குத் தலைவாரக் கை தூக்க முடியவில்லை. வெளியே தெரிந்தால் வேலை குமாரதாஸுக்குப் போய்விடும்.

அதனால் செவ்வாய்க்கிழமை, முருங்கைக்காய் விலை கேட்கப் போவதாக வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, ஷிஜி என்ற பிசியோதெரபிஸ்டின் கட்டிலில் குப்புறக் கிடந்தார். அவள் தோளை அமுக்கிப் பார்த்துத் தசையில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றாள். மெல்லிய ஊசி ஒன்றைக் காட்டினாள்.

“இதுல என்ன மருந்து மக்கா?”

“மருந்தே கிடையாது அங்கிள். வெறும் ஊசிதான். முடிச்சுல குத்துனா தசை ஒருதரம் துள்ளும், பெறவு இளகும்.”

“மருந்தில்லாத ஊசியா? நல்ல கதை! தேங்காய் இல்லாம அவியல் வைக்கச் சொல்லுகியே!”

ஷிஜி சிரித்துக்கொண்டே குத்தினாள். தோள் எண்ணெயில் விழுந்த கடுகாகத் துள்ளியது. ஆறு ஊசிகளை அப்படியே நிறுத்தி, பத்து நிமிஷம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள். அப்போதுதான் கட்டிலை ஒட்டித் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் போனில் பேசத் தொடங்கியது.

“செல்லத்தாய் அக்கா, நான் குமாரதாஸ் பேசுகேன். முருகதாஸுக்குக் கை விளங்கல, கேட்டியளா? நேத்து டீக்கடையில இடது கையால டீ குடிச்சாரு, நானே பாத்தேன். பிரதமனை நான் கிண்டித் தாறேன்.”

படுபாவி! எழுந்து பாய்ந்து கழுத்தைப் பிடிக்கலாம் என்றால் தோளில் ஆறு ஊசி நிற்கிறது. ஆனால் நாக்கில் யாரும் ஊசி குத்தவில்லையே. முருகதாஸ் தொண்டையைத் திறந்தார்.

“ஷிஜி மக்கா! அடுத்த கட்டில்ல கிடக்க குமாரதாஸுக்கு ஊசியெல்லாம் எடுத்தாச்சா? பாவம், தோள் போன மனுசன்!”

திரைக்கு அப்பால் குமாரதாஸ் ஆத்திரத்தில் தன்னையே மறந்து அலறினார்.

“அக்கா, இது முருகதாஸ் சத்தமாக்கும்! இந்தா, பக்கத்துக் கட்டில்ல ஊசியோட கிடக்காரு!”

போனைக் காதில் பிடிக்க அவருக்கும் கை எழாததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். செல்லத்தாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அவரு பக்கத்துக் கட்டில்ல கிடக்காரு, செரி. நீரு எந்தக் கட்டில்ல கிடக்கீரு?”

ஷிஜி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“ரெண்டு பேரும் வந்து சேருங்க. ஒருத்தருக்குக் கை ஓஞ்சா மத்தவரு சட்டுவத்தப் பிடிக்கணும். பிரதமன் அடிபிடிச்சுதுன்னா இருக்கு உங்களுக்கு!”

கை ஓய்ந்ததாக ஒப்புக்கொண்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை முருகதாஸ்தான் முதலில் சட்டுவத்தைப் பிடித்தார். ஊசி வேலை செய்திருந்தது. தோள் சொன்னபடி கேட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கடுக்க ஆரம்பித்தது.

“வலிக்குதா வே?” என்றார் குமாரதாஸ், ஆசையாக.

“இல்ல வே.”

சட்டுவம் கைமாறினால் பிரதமன் குமாரதாஸ் வைத்தது என்று ஊர் சொல்லும். முருகதாஸ் விடவில்லை. பொறுமை இழந்த குமாரதாஸ் அதே காம்பைப் பிடித்தார். அவரும் விடவில்லை. உருளியின் இரு புறமும் நின்று, முறைத்துக்கொண்டு, மீதி இரண்டு மணி நேரத்தையும் இருவருமாகக் கிண்டி முடித்தார்கள். பிரதமன் அமிர்தமாக இருந்தது. யார் வைத்தது என்று கேட்டவர்களிடம் இருவரும் ஒரே நேரத்தில் “நான்” என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஷிஜியின் இரண்டு கட்டிலும் நிறைந்தன. முருகதாஸ் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவருக்கு எத்தன ஊசி குத்துன மக்கா?”

“ஏழு.”

“எனக்கு எட்டு குத்து.”